கற்றதைத் துறத்தல்

குருகுலவாசம் முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குத் தைத்திரீய உபநிஷத்தின் ஆசாரியர் செய்யும் உபதேசத்தில், சத்தியத்தையும் தர்மத்தையும் அடுத்து, அத்தியயனத்தைக் கைவிடலாகாது என்ற கட்டளையும் வருகிறது. படித்து முடித்தவனிடம் படிப்பை விடாதே என்பானேன்? ஓதியது மறந்துபோகும் என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் ஓதியதே பொய்த்துப்போகும் என்ற சங்கடம் வேதம் கற்றவனுக்கு இல்லை. நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பணி செய்யும் செவிலிக்கு அது உண்டு. ஆகவே, கையில் விளக்கேந்திப் பிரதிக்ஞை செய்த ஒரு பெண்ணிடம் ஆயுள் முழுதும் கற்கச் சொல்லும்போது, நாம் அவளிடம் உண்மையில் எதைக் கேட்கிறோம் என்பது விசாரிக்கத்தக்கது.

நெடுநாள் படுக்கையில் கிடப்பவருக்கு முதுகின் அடிப்புறத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பின்னர் புண்ணாகும். அந்தச் சிவப்பைக் கண்டவுடன் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றி, அவ்விடத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்து, பவுடர் தூவி, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிடுவது செவிலியர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற முறை. அதைச் சிரத்தையோடு செய்தவளே நல்ல நர்ஸ் என்று பெயரெடுத்தாள். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலி, முதியோர் வார்டுகளில் சகாக்களுடன் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட நூல், புண்ணைத் தடுப்பது பூசும் பொருளன்று, அழுத்தம் நீங்கும்படி நோயாளியை அடிக்கடி திருப்பிவிடுவதே என்று காட்டியது. தேய்ப்பதற்காகத் திருப்பினார்கள், திருப்பியதால் குணம் கண்டது, புகழோ ஸ்பிரிட்டுக்குப் போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சிவந்த இடத்தைத் தேய்த்தால் நலிந்த தசை மேலும் சிதையும் என்பதும் பிற்பாடு தெளிவாகி, அவ்வழக்கமே விலக்கப்பட்டது.

அப்படியானால், அன்போடு தேய்த்த அந்தக் கைகள் பாவம் செய்தனவா? அறிய வழியில்லாத காலத்துச் செயலுக்குக் குற்றமில்லை என்றே எந்தத் தர்ம சாஸ்திரியும் தீர்ப்பளிப்பார். ஆனால் அறியக் கிடைத்தபின் அறிய மறுப்பவளின் கதி வேறு. கருணை உள்ளத்தில் இயல்பாக ஊறுவது. கையை எங்கே வைப்பது, எங்கே வைக்கலாகாது என்பது அதற்குத் தெரியாது. அன்பிருந்தால் போதும் என்பாரோடு நான் உடன்படேன். அஹிம்சையை விரதமாகக் கொண்டவருக்கு, தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்வதும் அவ்விரதத்தின் ஓர் அங்கமே.

இதற்குத் தடையாக நிற்பது சோம்பல் என்பார்கள். பற்று என்பேன் நான். பொன்னாசை, மண்ணாசைகளைத் துறந்தவரையும் வித்தையின் மீதுள்ள பற்று விடுவதில்லை. இருபது வருஷம் பாராட்டுப் பெற்றுத்தந்த ஒரு கைப்பழக்கத்தைத் தவறென்று ஒப்புவது எளிதா? லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 1860-இல் செவிலியர் பள்ளி உருவாகக் காரணமான பிளாரன்ஸ் நைட்டிங்கேல், அழுக்கிலும் கெட்ட காற்றிலுமே நோய் பிறக்கிறதென்று நெடுங்காலம் நம்பித் தொற்றுக் கொள்கையை எள்ளியவர். உலகமே தம்மைக் கொண்டாடிய பின்னர், அறுபது வயதைக் கடந்த நிலையில், கிருமிகளை ஒழிக்கும் முறைகளையும் செவிலியர் பயிற்சிக்கு உரியனவாக ஏற்று எழுதினார். ஸ்கூட்டாரி யுத்தகால ஆஸ்பத்திரியில் அவர் ஏந்திய விளக்கைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கற்பிப்பது நாளை பொய்யாகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் மாணவிக்குச் சிரத்தை எங்கிருந்து வரும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. நள்ளிரவில் மூச்சுத் திணறும் நோயாளியின் அருகே நின்று சந்தேகித்துக்கொண்டிருக்க முடியாது. ஆயினும் சிரத்தைக்கு உரிய விஷயம் நோயாளியேயன்றி முறை அன்று. ஒவ்வொரு முறையையும் அதன் காரணத்தோடு கற்றவளுக்கு, காரணம் வீழ்ந்த அன்றே முறையை விட மனம் வரும். காரணமறியாது மனனம் செய்தவளுக்கு முறையே மூலவிக்கிரகமாகிவிடும்.

பிரிட்டனில் செவிலியர் தம் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 35 மணி நேரம் கற்றிருக்கவேண்டும் என்றும், தம் பணியைத் தாமே சிந்தித்து ஐந்து குறிப்புகள் எழுதவேண்டும் என்றும் 2016 முதல் விதி இருக்கிறது. மணிக்கணக்கைத் தூங்கியும் கழிக்கலாம். அக்குறிப்புகளில்தான் எனக்கு நம்பிக்கை. அவற்றை எழுத ஓய்வு வேண்டும் என்பதை மட்டும் நிர்வாகங்கள் சௌகரியமாக மறந்துவிடுகின்றன. இராப்பணி முடிந்து கால் வீங்கி வீடு திரும்புகிறவளிடம் இதையும் உன் சொந்த நேரத்தில் முடித்துக்கொள் என்று சொல்கிறவர்கள், கற்கும் கடமையில் தமக்குரிய பங்கையும் அவள் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள்.