வாசல் இல்லாத தொட்டி

இரண்டடித் தொட்டியில் ஓர் ஆண் சண்டை மீன். துணைக்கு ஆறு கப்பி விட ஆசை. "ஒத்துப்போகுமா அண்ணே?" என்றேன். "போகும் தம்பி, ஒன்னும் செய்யாது லா," என்றார் கடைக்காரர். மூன்றாம் நாள் ஒரு கப்பி வால் கிழிந்து மிதந்தது.

அகன்ற வண்ண வாலைக் கண்டால் இன்னோர் ஆண் என்றே சண்டை மீன் பாய்வதுண்டு. சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக மனிதன் வளர்த்தெடுத்த இனம். அதைக் குறை சொல்ல என்ன இருக்கு?

ஜோர்ஜ்டவுன்காரனுக்கு உவமை கைவசம் உண்டு: கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் ஒரே சாலையில், மாரியம்மன் கோயில் அடுத்த தெருவில். நாம ஒத்துப்போகலையா? போகிறோம்தான். ஆனால் இங்கே பிடிக்காதவன் தெரு மாறி நடக்கலாம். தொட்டியில் அந்த வழியை அடைத்தவன் நான், கடைக்காரர் அல்ல.

இப்போது சண்டை மீன் தனியாக. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துச் செவுளை விரிக்கிறது. விளக்கை அணைக்கிறேன்.