சம்பளத்துக்காக ஆசிரியராவது குற்றமா?

சென்ற மாதம் கோலா கெடாப் படகுத்துறைக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்த பேச்சே இக்கட்டுரைக்குக் காரணம். கடைக்காரரின் மகளுக்குத் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பட்டம் பெற்று நியமனமும் கிடைத்தால் அவள் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. அத்தாவின் முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை. "அரசாங்க உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், பள்ளிக்கு விடுமுறை என்றால் நமக்கும் விடுமுறை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணீர் அருந்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிளாசைக் கீழே வைத்தார். "இப்படிச் சம்பளத்துக்காக வருகிறவர்களால்தான் பள்ளிக்கூடம் கெட்டுப்போகிறது. இந்தத் தொழிலுக்கு ஆசையோடு வரவேண்டும், இல்லையேல் வரக்கூடாது" என்றார். கடைக்காரர் சிரித்து மழுப்பினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் காசு கொடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டாள்: "மாமா, எனக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் நான்தான் மூத்தவள். சம்பளத்தை நினைத்துத்தான் மனுப் போட்டேன். அது குற்றமா?"

முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். ஆயினும் அவளுக்கு அங்கேயே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி வந்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமன்று, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைக்கும் நம் எல்லாருக்குமே உரிய கேள்வி அது.

பெரியவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டது. தகுந்த ஆசிரியரைக் கேட்கவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ, தம் வேலை போக மிஞ்சிய நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்ன தோட்டங்கள் பல. அவர்களில் நல்லவர்களும் இருந்தனர். ஆனால் பிள்ளைகள் அவர்களுக்கு உபரி வேலை. அப்பள்ளிகளில் பயின்றவர்களில் மிகப் பலர் வளர்ந்தபின் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டவே போயினர். மனம் முழுதும் வேறிடத்தில் இருக்கும் ஒருவர் வகுப்பில் நின்றால் என்ன நேரும் என்பதை நம் தோட்டப்புறங்கள் நன்கு அறியும்.

ஆனால் அதற்காக ஆசையை வாயிற்காவலனாக நிறுத்தலாமா? வரலாற்றைப் பார்ப்போம். 1922-இல் அதே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. கம்பத்து மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயாரிப்பது அதன் வேலை. மலாய்ப் பள்ளியில் படித்த எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மேலே படிக்கத் திறந்திருந்த கதவு ஏறக்குறைய அது ஒன்றே. கதவு திறந்திருக்கிறது என்று நுழைந்த அவர்களிடையிலிருந்துதான் மலாய் மொழிக்கும் நாட்டு உணர்ச்சிக்கும் உழைத்த ஒரு தலைமுறை எழுந்தது. அக்கல்லூரியே 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் 1950-களில், இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கு அருகே கிர்க்பி என்னுமிடத்தில் நடந்த மலாயா ஆசிரியர் கல்லூரிக்கு நம் நாட்டின் எல்லா இனத்து இளைஞர்களும் கப்பலேறிப் போயினர். அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், விடுதலை நாள் பற்றிய செய்தியை 1956 பிப்ரவரியில் அம்மாணவர்களிடமே முதலில் கூறினார் என்பர். அவர்களில் ஆசையால் போனவர் எத்தனை பேர், அரசாங்கச் செலவில் படிப்பு என்பதற்காகப் போனவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பதையே நாடு பார்த்தது.

இக்காலத்தில் கல்வியியல் பட்டத்துக்கு மனுச் செய்வோரின் குணத்தையும் ஆர்வத்தையும் அறியத் தேர்வும் நேர்முகமும் வைக்கிறார்கள். நல்ல முயற்சியே. ஆனால் 19 வயதில், "பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர்" என்று சொல்லக் கற்றுக்கொள்வது கடினமா? உண்மையே பேசும் பிள்ளை, "வீட்டில் கஷ்டம், அதனால் வந்தேன்" என்கிறது. இருவரில் யார் நம்பத்தக்கவர்?

எண்ணத்தைப் பற்றிப் பேசும்போது இமாம் கஸ்ஸாலி அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வராமல் போகாது. 1091-இல் பாக்தாத் நிஜாமிய்யாக் கலாசாலையில் பெரும் பதவி அவரைத் தேடி வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், தாம் கற்பிப்பது உண்மைக்காகவா, பெயருக்கும் புகழுக்குமா என்னும் ஐயம் அவரை வாட்டியது. பாடம் சொல்ல நாவே எழாமற் போயிற்று. 1095-இல் பதவியைத் துறந்து வெளியேறினார். பெரியவரின் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. 1106-இல் நைசாபூரில் அவர் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார். எண்ணம் பழுதென்று கண்டவர் கற்பித்தலை வேண்டாமென்று ஒதுக்கிவிடவில்லை. எண்ணத்தைச் செப்பஞ்செய்துகொண்டு திரும்பினார். ஆசை முதல் நாளிலேயே முழுமையாக இருக்கவேண்டும் என்றால் அப்பெருமகனாரும் திரும்பியிருக்க இயலாது.

நிற்க. என் கதையை மறைத்துக்கொண்டு பிறர் எண்ணத்தை அளப்பது முறையன்று. நானும் சம்பளத்துக்காகவே வந்தவன். 1980-களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு கீழ்ப் படிவங்களுக்குக் கற்பிக்கப் போகலாம், பட்டம் கேட்கவில்லை. பயிற்சிக் காலத்திலேயே கையில் கொஞ்சம் பணம் கிடைக்கும் என்றார்கள், போனேன். முதல் நியமனத்தில் எனக்குப் புகுமுக வகுப்பைக் கொடுத்தார்கள். தமிழ்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் ஆறாண்டு படித்து, தேசிய மொழியில் போதிய தேர்ச்சியின்றி வரும் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு தங்கும் வகுப்பு அது. பதின்மூன்று வயது, புதுப் பள்ளி, புது மொழி.

கடைசி வரிசையில் ஒரு பையன். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவான். சத்தமில்லை, குறும்பில்லை. வகுப்பிலேயே அழகான நோட்டுப் புத்தகம் அவனுடையது. நான் கரும்பலகையில் எழுதியதை முத்து முத்தாக எடுத்தெழுதுவான். நான் சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்திடுவேன். ஐந்து மாதம் இப்படியே கழிந்தது. ஒருநாள் அவன் எழுதியதை நிதானமாகப் படித்தேன். அடுத்த பாட ஆசிரியர் துடைத்துவிடாதிருக்க, "அழிக்காதீர்" என்று பலகையின் மூலையில் மலாயில் எழுதி வைப்பது என் வழக்கம். பையன் அதையும் கணக்கின் கடைசி வரியாக எடுத்தெழுதியிருந்தான். நான் அதற்கும் சரி போட்டிருந்தேன். முன் பக்கங்களைப் புரட்டினேன். பல இடங்களில் அதே சொல். பக்கத்தில் என் சிவப்புக் கோடு. அவனுக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் படிக்கத் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு என்னை உறுத்தியது, எனக்கு ஆசை உண்டா என்னும் கேள்வியன்று. கூலிக் கணக்கு. ஐந்து மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதில் அந்தப் பையனின் பங்குக்கு நான் கொடுத்தது என்ன? அந்தப் பங்கு எனக்கு ஹலாலா? கடையில் எடை குறைத்துக் கொடுப்பது எத்தகைய குற்றம் என்று வியாபாரச் சமூகமாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பறையிலும் தராசு உண்டு. அங்கே சரக்கு வாங்குகிறவன் பதின்மூன்று வயதுப் பிள்ளை. எடை குறைந்தது அவனுக்குத் தெரியாது.

ஆகவே நான் கண்டது இது. சம்பளம் வாங்குகிறவன் கடன்காரன். பிள்ளை அவனிடம் வரவேண்டியதைக் கேட்கும் உரிமையுள்ளவன். தொண்டு செய்ய வந்தேன், தியாகம் செய்ய வந்தேன் என்று நினைப்பவரிடம் எனக்குச் சற்று அச்சமே உண்டு. தாம் கொடுப்பதெல்லாம் தானம் என்று அவர் எண்ணத் தொடங்கிவிட்டால், பிள்ளை நன்றி காட்டவில்லையே என்று கோபமும் வரும். மந்தமான பிள்ளை தம் தியாகத்துக்குத் தகுதியற்றது என்றும் தோன்றும். கூலிக்கு வந்தவன் அப்படி எண்ண வழியில்லை. மந்தமான பிள்ளைக்கும் சேர்த்தே அவன் கூலி பெறுகிறான்.

அப்படியானால் கூடுதல் கூலி கிடைக்குமிடத்துக்கு ஓடிவிடமாட்டானா என்று கேட்கலாம். ஓடலாம். கணக்கை நேர்செய்துவிட்டுப் போகிறவனை நான் குறை கூறமாட்டேன். போகாமல் அங்கேயே அமர்ந்து, ஓய்வூதியம் வரை எடை குறைத்துக் கொண்டிருப்பவனே கேடு.

ஆனால் கடன் என்று உணர்ந்தால் மட்டும் போதுமா? அன்றிரவு நான் உணர்ந்தேன். மறுநாள் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தை எடுத்து அவன் முன் வைத்தேன். பையன் வெட்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூத்த ஆசிரியை ஒருவர் என்னைக் கடிந்து, "அவன் தினமும் பார்க்கிற எழுத்திலிருந்து தொடங்குங்கள், பஸ் பலகை, கடைப் பெயர், காற்பந்துச் செய்தி" என்றார். ஆறு வயதுக்குரிய பாடத்தைப் பதின்மூன்று வயதின் மானம் கெடாமல் கற்பிக்க வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஆண்டு முடிவதற்குள் அவன் தடுமாறித் தடுமாறிப் படிக்கத் தொடங்கினான். முதல் ஐந்து மாதத்தை நான் அவனுக்குத் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது.

பட்டப் படிப்பின் பயன் இங்கேதான் விளங்குகிறது. குழந்தையுமன்று, வாலிபனுமன்று என்னும் இவ்வயது தனி வயது என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் இந்த நடு வகுப்புகளுக்கென்றே தனிப் பட்டப் படிப்பும் தனி உரிமமும் உண்டு. தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டமும், அதன்மேல் கல்வியியல் பட்டமும், தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் கேட்கிறார்கள். ஏன் இவ்வளவு? இவ்வயதுப் பிள்ளை "ஏன்" என்று கேட்கும். குறையைக் குறையால் பெருக்கினால் நிறை எப்படி வரும் என்று கேட்கும். பாடத்தை ஆழப் படித்தவர் விளக்குவார். அல்லது, "நாளை பார்த்து வந்து சொல்கிறேன்" என்று அஞ்சாமல் கூறுவார். படிக்காதவர், "அது அப்படித்தான், எழுது" என்பார். அந்த ஒரு சொல்லோடு கேட்கும் பழக்கமே செத்துப்போகும்.

மற்றொன்றும் உண்டு. நம் நாட்டில் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022-இலும் நிறுத்தப்பட்டன. தேர்வுகள் போகும், வேறு உருவில் வரவும் செய்யும். எந்தத் தேர்வும் ஆண்டின் கடைசியில்தான் பேசும். கடைசி வரிசையில் அமைதியாக எடுத்தெழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஐந்தாம் நாளில் கண்டுகொள்ள ஆசிரியரின் கண் ஒன்றே வழி. அந்தக் கண்ணைப் பழக்கத்தான் பல்கலைக்கழகத்து ஆண்டுகளும், பள்ளிக்குச் சென்று கற்பிக்கும் பயிற்சி வாரங்களும். புள்ளி வாங்குவதற்காக மட்டும் அவற்றைக் கழித்தவர், பட்டம் பெற்றும் என்னைப்போலவே சிவப்புக் கோடு போடுவார்.

அந்தப் பெண்ணுக்கு என் மறுமொழி இதுதான்: அம்மா, சம்பளத்தை நினைத்து நீ போவது குற்றமன்று. வீட்டைத் தாங்க நினைப்பது வெட்கப்படவேண்டிய எண்ணமுமன்று. ஆசை இருக்கிறதா என்று இப்போதே நெஞ்சைக் குடைந்து பார்க்காதே. அது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபின் வரலாம். ஆனால் அச்சம்பளத்துக்கு எதை ஈடாகக் கொடுக்கவேண்டும் என்று அறியாமல் பட்டத்தோடு திரும்பி வராதே. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் அமைதியாக இருக்கும் பிள்ளையின் நோட்டை முதலில் வாங்கிப் படி.

சகோதரர்களே, நமக்கும் ஒரு சொல். ஆசிரியப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளை வழியனுப்பும்போது விடுமுறையையும் ஓய்வூதியத்தையும் சொல்லி வாழ்த்துகிறோம். அவர்கள் திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்தபின், "எவ்வளவு சம்பளம்" என்று கேட்கிறோம். அதைக் கேட்பதில் தவறில்லை. அதோடு, "உன் வகுப்பில் இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்" என்பதையும் கேட்போம். எனக்கு வயதான அத்தா இருந்தார். ஊரில் பெரியவர்கள் பலர் இருந்தனர். அந்த ஐந்து மாதத்தில் ஒருவராவது என்னை அப்படிக் கேட்டிருந்தால், நான் அந்த நோட்டை முன்னரே திறந்து பார்த்திருப்பேன்.