மாமனார் நிலம் ஏன் போனது?

பிள்ளைகளுக்குச் சரித்திரத் துப்பறியும் கதை எழுதப்போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் கதையில் ராஜா தப்பு செய்வாரா? பெரும்பாலும் பதில் வராது. சுரங்கப்பாதை இருக்கும், ஒற்றன் இருப்பான், குதிரை பறக்கும். குற்றவாளி மட்டும் தவறாமல் பகைநாட்டான்.

துப்பு வேண்டுமா? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக்குப் போங்கள். அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைச் சொல்கிறது. ரவிதாசன் பஞ்சவன் பிரம்மாதிராசன். பஞ்சவன் என்றால் பாண்டியன். சரி, பகைநாட்டுச் சதி என்று முடித்துவிடலாமா? பரமேசுவரனின் பட்டம் இருமுடிச்சோழ பிரம்மாதிராசன். அது சோழன் பெயர். கெட்டிக்காரப் பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்தது தண்டனை. கொலைக்குப் பின் உத்தம சோழன் ஆண்டு முடித்தபிறகு, 985க்குப் பின்னர்தான் இந்தக் கல்வெட்டு. தலை போனதாக அதில் ஒரு வார்த்தை இல்லை, பேச்செல்லாம் நிலம்தான். கொலையாளிகள் பிராமணர்கள். பிராமணனைக் கொல்லக்கூடாது, சொத்தோடு ஊரைவிட்டு அனுப்பு என்பது மனு. சொத்தைத் தொட்டவகையில் ராஜராஜன் மனுவை மீறியிருக்கிறான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் யார் சொத்தை? கொலையாளிகளுடையது மட்டுமல்ல. பெற்ற பிள்ளைகள், தாய்மாமன்கள், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. மாமனார் என்ன செய்தார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும். பெரியவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கொலையாளி யார் என்ற ஆவலோடு சரி.

கல்கியின் பொன்னியின் செல்வனில் வால்நட்சத்திரம் அரச குலத்துக்கு ஆகாது என்ற பேச்சு நெடுக வரும். இளவரசன் கரிகாலனும் செத்துப்போவான். தொடர்கதைக்கு அது அழகு. துப்பறிகிறவனுக்கு வால்நட்சத்திரம் சாட்சி ஆகாது.

கரோலின் லாரன்ஸ் ஆங்கிலத்தில் ரோமாபுரித் துப்பறியும் கதைகள் எழுதினார். 2001இல் வந்த முதல் நாவலில், கி.பி. 79இல், நாயகி ஃபிளாவியா சந்தையில் நூபியா என்ற பெண்ணை விலைக்கு வாங்குகிறாள். நல்ல பெண்தான், அவளும் அடிமை வாங்குகிறாள். சிறுவர் நூலாயிற்றே என்று ஆசிரியர் அதை மறைக்கவில்லை. கோயிலுக்கு மனிதரை விற்ற கணக்கு நம் சோழர் கல்வெட்டுகளிலும் உண்டு. நம் சிறுவர் நாவலில் அந்த மனிதர் எங்கே? வெண்சாமரம் வீசும் கை மட்டும் தெரிகிறது, முகம் கிடையாது.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். கொலையைச் சொல்லலாம், அநியாயத்தைச் சொல்லக்கூடாதா?

எழுதப்போகிறவர்களே, ஜோசியர் சொல்லைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாத ஒரு பெண்பிள்ளையை உடையார்குடிக்கு அனுப்புங்கள். முதலில் அந்த மாமனாரை விசாரிக்கட்டும்.