பறவைக்கும் ஒரு பாடு

பசித்த மனிதன் அருகில் நிற்கையில் பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பது அறமாகுமா? பழவேற்காடு ஏரிக்கரையில் பூநாரைகளைக் காணச் செல்லும் எவரும் இக்கேள்வியை எளிதில் தவிர்க்க இயலாது.

தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் இந்த உவர்நீர் ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் மிகப் பெரியது. குளிர்காலம் தோறும் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இங்கே திரள்கின்றன. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்த சின்னஞ்சிறு உள்ளான்களும் கண்டம் கடந்து வந்து இச்சேற்றில் இரை தேடுகின்றன. தமிழக அரசு தன் எல்லைக்குட்பட்ட பகுதியை 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரிக்குத் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் எழுந்துள்ளன; மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இவற்றின் நடுவே மீனவரின் வாழ்வு.

முழங்காலளவு நீரில் பூநாரை தன் அலகைத் தலைகீழாக ஆழ்த்தி, நுண்ணிய உயிர்களை வடிகட்டி உண்கிறது. அத்தகைய ஆழமற்ற நீரிலேதான் இருளர் மக்கள் பறியை வாயில் கவ்வியபடி, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். நமது தொலைநோக்கி பறவையின் மீது நிலைத்து நிற்கிறது; மனிதரோ காட்சிக்கு இடையூறாகத் தோன்றுகின்றனர்.

இங்கே இரு குரல்கள் எழுவதுண்டு. 'மனிதன் முதலில், பறவை பிறகு' என்பது ஒன்று. சிட்டுக்குருவிகளைவிட மனிதர் மேலானவர் என்று ஆண்டவரே மொழிந்ததை இதற்குச் சான்று காட்டுவர். ஆனால் அம்மொழி எங்கிருந்து தொடங்குகிறது? மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி வெறும் கொசுறு. சந்தையில் விலையே இல்லாத அக்குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்பதன் மீதுதான் மனிதனின் மேன்மை கட்டப்படுகிறது. குருவியை மறந்துவிட்டால் அக்கட்டடத்திற்கு அடித்தளம் ஏது?

'மனிதன் விலகினால் பறவை வாழும்' என்பது மற்றொரு குரல். நகரத்திலிருந்து வரும் நமக்கு இது வசதியானது. மீனவரை வலையை எடுத்துக்கொண்டு விலகச் சொல்வது எளிது. நம் வீட்டு விளக்குக்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல் எந்த ஆற்றில் படிகிறது எனக் கேட்பதுதான் கடினம்.

இவ்விரு குரல்களும் பறவையையும் ஏழையையும் போட்டியாளராகக் கருதுகின்றன. நடப்பதோ வேறு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் ஏரிக்குள் வருவது தடைப்பட்டால், மீனும் இறாலும் குறைகின்றன. வலையும் வெறுமையாகிறது, அலகும் வெறுமையாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியபோது, கூழைக்கடாவின் இறகும் மீனவரின் வலையும் சேர்ந்தே கறுத்தன. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் ஒருங்கே கேட்கச் சொல்கிறது. எண்ணூரில் அவ்விரண்டும் ஒரே ஓலமாகவே எழுந்தன.

நம் இலக்கிய மரபும் இதை அறியும். குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டார். நாரையின் அழகைக் கண்ட அதே கண், ஊரில் காத்திருக்கும் மனைவியையும் தன் வறுமையையும் மறக்கவில்லை.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டும் உரிமை இன்னாருக்கு என்று ஊர் கூடி முறை வகுத்துக்கொள்வர். வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி காக்கும் ஏற்பாடு இது. ஆண்டவரின் துன்பங்களைப் பாடுகள் என்றழைக்கும் நமக்கு, உழைப்பும் துன்பமும் பங்கும் ஒரே சொல்லில் கூடி நிற்பது பொருளுள்ளதாகவே தோன்றுகிறது. ஆயினும் இம்முறையும் நிறைவானதன்று. இருளர் போன்றோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். பங்கீடு எதுவாயினும், யாருக்கு முறை வந்தது என்பதோடு, யாருக்கு முறையே இல்லை என்பதையும் கேட்டால்தான் அதன் நீதி விளங்கும். பறவைக்கு ஊர்க்கூட்டத்தில் குரல் இல்லை. ஆயினும் இந்நீரில் அதற்கும் ஒரு பாடு உண்டு.

வானத்துப் பறவைகளை நோக்குமாறு ஆண்டவர் பணித்தபோது, கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல் உற்று நோக்குவதைக் குறிப்பது. உற்று நோக்குபவன் படத்துக்காகக் கைதட்டிக் கூட்டத்தைப் பறக்கவிட மாட்டான். நெடும்பயணத்துக்குப் பறவை சேர்த்த வலிமையை நம் ஒரு கணக் களிப்புக்காகச் செலவிடச் செய்வதும் ஒருவகைக் களவே அன்றோ? உற்று நோக்குபவன் நீரைக் காண்பான், நீரில் கலப்பதைக் காண்பான், அதில் நிற்கும் மனிதரையும் காண்பான்.

இதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது. தொழிற்பேட்டை தரும் வேலை பல குடும்பங்களுக்குச் சோறு. சரணாலய விதி சில வேளைகளில் மீனவரின் கையைக் கட்டும். தியாகம் தேவைப்படும் இடங்கள் இருக்கவே செய்யும். அத்தியாகத்தை எப்போதும் ஏரியில் நிற்பவரிடமே கேட்டுவிட்டு, கரையில் நின்று ரசிக்கும் நாம் ஏதும் இழக்காமல் வீடு திரும்புவோமானால், நம் பறவை நேசம் அறமென்னும் பெயருக்கு உரியதாகாது.