வீடு கிடைத்தது, ஊர் போயிற்று

ஒரு நகரம் வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பரப்பளவு, மேம்பாலம், மெட்ரோ ரயில், கட்டடங்களின் உயரம். இவற்றில் எதுவும் அந்த நகரத்தில் ஒரு பெண்ணின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று சொல்வதில்லை. ஒருத்தியின் நேரத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு வீடு தருவது நியாயமா என்பதே என் கேள்வி.

சென்னை கடலை ஒட்டித் தெற்கே நீண்டுகொண்டே போகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்த காலத்திலேயே, கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களும் அதே திசைக்கு அனுப்பப்பட்டன. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்கள். நீதி கேட்டு ஒரு நகரத்தையே எரித்தவளின் பெயரை, நகரத்தை விட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்திருக்கிறோம்.

அரசு சொல்லும் காரணம் பாதுகாப்பு. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்பது உண்மைதான். 2015 டிசம்பரில் பார்த்தோம். ஆனால் அந்த மழையில் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. ஆபத்துதான் காரணம் என்றால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆற்றோரக் குடிசைக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். சதுப்பு நிலத்தோரக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வளர்ச்சி என்று பெயர்.

பெண்ணின் பெயரில்தானே வீடு தருகிறோம் என்பார்கள். 2015இல் வந்த பிரதமரின் வீட்டுவசதித் திட்டமும் வீடு பெண்ணின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும் என்கிறது. இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. கதவும் கழிப்பறையும் உள்ள ஒரு வீடு, அவள் பெயரில் ஒரு தாள். குடித்துவிட்டு வருகிறவன் ‘வெளியே போடி’ என்று எளிதில் சொல்லிவிட முடியாது. நாம் பல காலம் கேட்டதும் இதைத்தான்.

ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலைசெய்யும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “வீடு நல்லாத்தான் இருக்குக்கா. தண்ணி வர்ற நேரத்துல நான் பஸ்ல இருக்கேன்.” முன்பு நடந்து போன வேலைக்கு இப்போது இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆண்களுக்கும் வேலை தூரமாகிவிட்டதுதான். ஆனால் கிளம்புமுன் சமைத்து, குடம் நிரப்பி, பிள்ளையைக் கிளப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தாய் பேருந்தில் இருக்கும் நேரத்தில் அந்த வேலைகள் மகளின் தலையில் விழுகின்றன. பள்ளிக்குத் தாமதமாகிறவள் அவள்தான். ஒருநாள் நின்றுவிடுகிறவளும் அவள்தான். தூரம் இப்படித்தான் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குக் கைமாறுகிறது. 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்து பெரிய உதவி. அது டிக்கெட் காசை மிச்சப்படுத்தியது, நேரத்தை அல்ல.

பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு இடம் தந்தது. பிழைப்பு உயிரின் பகுதி என்றால், பிழைப்புக்கும் அடுப்புக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்த இடமாற்றத்தையும் நியாயம் என்று சொல்ல முடியாது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. படித்த பெண் எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்ப முடிவது, இன்னொரு பெண் ஏழு மணிக்கு வந்து பாத்திரம் தேய்ப்பதால்தான். ஒருத்தியின் விடுதலை இன்னொருத்தியின் விடியற்காலையில் கழிக்கப்படுமானால், அதை விடுதலை என்று எப்படிச் சொல்வது? பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் மீண்டும் கட்டும் பணியை வாரியம் ஏற்கெனவே செய்கிறது. ஆகவே நகருக்குள் வீடு தருவது முடியாத காரியமல்ல. அவள் பெயரில் வீடு கேட்டோம். இனி, அவள் வேலைக்கும் மகளின் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில் அந்த வீட்டைக் கேட்போம்.