பசுவுக்குப் போட்ட ஊசி

ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்பார்கள். ஒரு மாலை அங்கே உட்கார்ந்திருந்தபோது, உடன் வந்த நண்பர் சொன்னார்: "ஜடாயுவுக்குக் கொள்ளி வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும். கொன்றவன் நானாக இருக்கலாம், சார்."

வேடிக்கைப் பேச்சென்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் உறையூர்க்காரர், ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். 1990-களில் டைக்ளோபினாக் என்ற வலி மருந்து கால்நடைகளுக்கு வந்தது. மலிவானது, கால் வீங்கிப் படுத்த மாட்டையும் எழுப்பிவிடும். லால்குடிப் பக்கம் ஒரு கிழவியின் ஒரே பசுவுக்கு அதைப் போட்டார். அன்றிரவே பசு வைக்கோல் தின்றது. கிழவி இவர் காலில் விழப் போனாளாம். மறுநாள் வேறு கோளாறில் மாடு செத்தது. தோலை உரித்துக்கொண்டு உடலைக் கொள்ளிடத்து மணலில் போட்டார்கள்.

"கழுகு வந்ததா?" என்றேன்.

"அப்போதெல்லாம் யார் சார் மேலே பார்த்தோம்?"

2004-ல்தான் விஷயம் வெளிவந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் சுண்ணாம்புபோல் உள்ளுறுப்புகளில் படிந்திருந்தது. பசுவுக்கு இதமான மருந்து கழுகுக்கு நஞ்சு. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் அந்த மருந்து இருந்தாலே இவ்வளவு நாசத்துக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நண்பரின் பங்கு எத்தனை? ஓர் ஊசியா, ஒன்றுமே இல்லையா?

அறியாமல் செய்தது பாபமாகாது என்று ஆறுதல் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஆறுதல் எனக்கே ருசிக்கவில்லை. மருந்து மாட்டுக்கு நல்லதா என்று பார்த்தார்கள். செத்த மாட்டைத் தின்பது யார் என்று பார்க்கவில்லை. இதற்குப் பெரிய ரசாயன ஞானம் வேண்டியதில்லையே! கழுகு பிணம் தின்னும் என்பது குழந்தைக்கும் தெரியும். அருவருப்பான காரியத்தை அது நமக்காகச் செய்தது. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதன் பிறகும் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் குப்பியை 3 மில்லிலிட்டராகச் சுருக்க வேண்டியிருந்தது. இதற்கு எந்த அறியாமையைச் சாக்காகச் சொல்வது? அசிக்ளோபினாக் என்று இன்னொன்று. மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும். அதன் தடைக்கு 2023 வரை காத்திருந்தோம். மெலாக்சிகாமைக் கழுகுகளுக்கே முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டு, தைரியமாகச் சிபாரிசு செய்தார்கள். தமிழ்நாட்டில் எஞ்சிய கழுகுகள் பெரும்பாலும் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன.

மறுவாரம் இதையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"வாஸ்தவம். ஆனால் அந்தப் பசு வலியில் கதறியபோது நான் வானத்தையா பார்த்துக்கொண்டிருப்பது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.

"எனக்கும் அதே மருந்துதான். பயமில்லை, சார். நான் போகிற இடம் ஓயாமரி, நெருப்புதான் தின்னும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மெல்ல நடந்தார்.