எண்ணிக்கைக்கு மேல் ஓர் அவை

தேர்தலில் வென்றவர் செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா? ஆகாது என்றால், வென்றவரைத் தடுக்கும் உரிமை யாருக்கு, எதன் பேரில்? அரசியல் தத்துவத்தின் இந்தப் பழைய கேள்விக்கு 1947 முதல் 1971 வரை இலங்கை வைத்திருந்த விடை, செனட் சபை எனப்பட்ட மூதவை.

சோல்பரி அரசியலமைப்பின்படி அதில் 30 பேர். பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபை விகிதாசார முறையில் தெரிவு செய்தது. மீதிப்பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறாண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர். அவசரச் சட்டங்களுக்குக் கடிவாளம், சிறுபான்மையினருக்குக் காப்பு என இரு நியாயங்கள் சொல்லப்பட்டன. இரண்டாவதன் அருமை கொழும்புத் தமிழருக்கு விளங்காததல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருங்கி வாழ்ந்தும் தொகுதிக் கணக்கில் அவர்கள் சிறுபான்மையே.

காப்பு கிடைத்ததா? மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மூதவையைத் தாண்டித்தான் வந்தது. 1956 இல் நிலைமை வேறு. ஆட்சி பண்டாரநாயக்கவிடம் போயிருந்தது. மூதவையிலோ ஐக்கிய தேசியக் கட்சியின் கையே ஓங்கியிருந்தது. தடுக்க வேண்டுமென்றால் அதுதான் தருணம். ஆனால் தேர்தலுக்கு முன்பே அந்தக் கட்சியும் தனிச் சிங்களத்துக்கு மாறிவிட்டிருந்தது. கட்சிகள் இரண்டு, பெரும்பான்மை ஒன்று. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய மொழிச் சட்டம் ஜூலையில் நிறைவேறியது.

1968 இல் கேள்வி சமயத்தின் பக்கமிருந்து வந்தது. தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் செனட்டராகி, டட்லி சேனாநாயக்கவின் அரசில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். திருகோணமலைக் கோணேசர் கோயிற் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்திவிட்டார். திருச்செல்வம் பதவி துறந்தார். மூதவையில் அமர்ந்திருந்த ஒருவருக்குத் தன் மனச்சாட்சிப்படி செய்ய எஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

எதிர்வாதமும் லேசானதல்ல. மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யாதவர்கள் மக்களின் தெரிவை மறிப்பது எந்த அறம்? 1970 இல் பெருவெற்றி பெற்ற ஐக்கிய முன்னணிக்கு மூதவையில் பெரும்பான்மை இல்லை. எட்டாவது திருத்தத்தின் மூலம் 1971 ஒக்டோபர் 2 இல் அது ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த குடியரசு யாப்பில், சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாட்டுச் சட்டங்களைத் தடைசெய்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவும் இடம்பெறவில்லை. அந்த யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956 இல் வெள்ளவத்தை–கல்கிசை உறுப்பினராக நின்று, ஒரு மொழிக் கொள்கை நாட்டைப் பிளக்கும் என்று எச்சரித்தவரும் அவரே. பெரும்பான்மை தவறும் என்று அறிந்தவரே, அதைத் தடுக்கும் அவை வேண்டாம் என்றார். எண்ணிக்கையின் மீது அவருக்கிருந்த இடதுசாரி நம்பிக்கையை இதற்கு ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

புதிய அரசியலமைப்பை வரைவதற்கான 2017 இன் இடைக்கால அறிக்கை மீண்டும் ஓர் இரண்டாம் அவையை முன்மொழிந்தது. 55 பேரில் 45 பேரை மாகாண சபைகளே அனுப்பும்; மாகாணத்துக்கு ஐவர். பெரும்பான்மை வேறொரு கணக்கில் திரளும் இடங்களிலிருந்து ஆட்களை எடுப்பதால், கீழவையின் அதே பெரும்பான்மையைச் சார்ந்தே அமைந்த பழைய மூதவையின் அடிப்படைக் குறை இதில் இல்லை. ஆனால் ஒன்பது மாகாண சபைகளின் பதவிக்காலமும் 2019 உடன் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக அவற்றுக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை.